பதுளை பஸ்ஸில் செல்வராணி அக்கா

போன வருடம் எங்கள் சபையிலிருந்து ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு வார ஊழியம் போனோம். நான் நர்ஸ் என்பதால் மருத்துவ முகாமில் நின்றேன்.

கடைசி நாளில், கொழுந்து பறிக்கும் செல்வராணி அக்காவின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. "உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்க அக்கா" என்றேன். சரியென்று தலையை ஆட்டினார். குழுவாக நின்று அவருக்காக ஜெபித்துவிட்டு வேனில் ஏறிவிட்டோம்.

கொழும்புக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. அவர் போனாரா, இல்லையா? கேட்க ஒரு போன் நம்பர்கூட இல்லை.

இன்று தோழியின் கல்யாணத்துக்காகப் பண்டாரவளையில் பதுளை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில், மடியில் மரக்கறிப் பையோடு அவர்!

"மிஸ், என்னைய தெரியுதா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா அக்கா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போனேங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. வெறும் கொழுப்புக் கட்டிதானாம். அதையும் எடுத்துட்டாங்க."

பஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அவர்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"நீங்க சொன்னப்ப எனக்குப் போற எண்ணமே இல்ல மிஸ். ஜெபம் பண்ணுறப்ப எல்லாரும் கண்ண மூடியிருந்தாங்க. நீங்க மட்டும் என்னையவே பாத்துக்கிட்டு நின்னீங்க. அந்த மூஞ்சியப் பாத்துப் பயந்துதான் மறுநாளே போனேன்."

ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லப் போகிறேன். ஜெப நேரத்தில் நான் கண்ணைத் திறந்து வைத்திருந்ததை மட்டும், பாஸ்டருக்கு முன்கூட்டியே யாராவது பக்குவமாகச் சொல்லி வைப்பீர்களா?