வண்டி தூங்கும் வரை

கோழியின் கழுத்தைப் பிடித்து முப்பதாம் எண் வரைக்கும் திருகி, டயர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார் அவர். சமையல்கட்டில் நேரம் வைக்கிற பிளாஸ்டிக் கோழி அது. அலகு உடைந்ததும் வீட்டிலிருந்து கடைக்கு வந்துவிட்டது. எதிரே ஒரு கார் நான்கு கதவும் பூட்டி நின்றது. கதவு ரப்பருக்கு இடையே வெளியே வந்த ஒயரின் நுனியில் மிளகளவு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் பார்வை விளக்குக்கும் கோழிக்கும் இடையில் போய்ப் போய் வந்தது.

காருக்குச் சொந்தக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதான் மாட்டியாச்சே, கெளம்பலாமா?"

"மாட்டியாச்சு சார். வண்டி இன்னும் தூங்கல."

"என்னது?"

"பூட்டின ஒடனே தூங்கிடாது சார். நம்மள மாதிரிதான். கொஞ்ச நேரம் பொரண்டு பொரண்டு படுக்கும்."

இந்தக் காத்திருப்புதான் அவருக்குப் பெயர் வைத்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் அரைமணி அண்ணன். பக்கத்து டயர் கடைக்காரர் மட்டும், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்னண்ணே, அடை காத்து முடிச்சாச்சா, குஞ்சு வருமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அண்ணன் வாளியில் உட்கார்ந்தபடியே ஒரு கையை மட்டும் தூக்கி, போ போ என்பதுபோல ஆட்டுவார்.

கார்களுக்குக் கேமரா மாட்டுவது அவர் தொழில். ஓடும்போது மட்டும் படம் பிடிக்கிற கேமரா என்றால் அவரிடம் வரவே வேண்டாம். போன் சார்ஜ் போடுகிற துளையில் செருகிக்கொண்டால் போதும். அவரைத் தேடி வருகிறவர்கள் வேறு ரகம். வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்வந்த பத்து நிமிடத்தில் யாரோ கோடு கிழித்துவிட்டுப் போனவர்கள். பக்கவாட்டுக் கண்ணாடி மடங்கித் தொங்குவதைக் காலையில் கண்டவர்கள். நிற்கிற வண்டியிலும் கேமரா விழித்திருக்க வேண்டும் அவர்களுக்கு. "ஓடுற வண்டிக்கு எதிரி ரோட்டுல மட்டும்தான். நிக்கிற வண்டிக்குப் போறவன் வர்றவன் எல்லாம் எதிரி" என்பார் அண்ணன், அலுத்துக்கொண்டே.

அதற்கு மூன்று ஒயர். கறுப்பு, காரின் உடம்போடு சேரும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற இடத்துக்குப் போகும். மஞ்சள், எப்போதும் மின்சாரம் இருக்கிற இடத்துக்கு. சிவப்பு நின்றதும் வண்டி நின்றுவிட்டது என்று கேமரா புரிந்துகொண்டு, மஞ்சளை நம்பிக் காவலைத் தொடங்கும். சிக்கலெல்லாம் அந்த மஞ்சளில்தான். ஃபியூஸ் பெட்டியில் சில இடங்கள் எப்போதும் மின்சாரம் இருப்பதுபோல நடிக்கும். பூட்டி இருபது நிமிடம் கழித்துக் கார் மொத்தமாக அடங்கும்போது அவையும் சேர்ந்து அடங்கிவிடும். கேமராவும் கண்ணை மூடிக்கொள்ளும். அரை மணி உட்கார்ந்து பார்த்தாலொழிய அந்த நடிப்பு தெரியாது.

அதனால் அந்த அரை மணிக்குள் கதவை யாரும் தொடக்கூடாது. திறந்தால் கார் விழித்துக்கொள்ளும். போனை உள்ளே வைத்துவிட்டேன், பையை எடுக்க வேண்டும் என்று யாராவது திறந்துவிட்டால், "எழுப்பிட்டீங்களே" என்று மட்டும் சொல்வார். எழுந்துபோய்க் கோழியின் கழுத்தை மறுபடி முப்பதுக்குத் திருகுவார். கோபம் எதுவும் இருக்காது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. கழுத்துக்கு எழுபது என்று அவரே சொல்வார். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, முதுகைக் கீழே போட்டு, கால்களை இருக்கையின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலை செய்கிற தொழில் அது. மகள் தூக்கிப்போட்ட தலைமுடிப் பட்டையில் சின்ன டார்ச்சைச் செருகி நெற்றியில் கட்டிக்கொள்வார். வெளியே வந்ததும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். பட்டப்பகலில் நெற்றியில் விளக்கு எரிய டீ குடிப்பவரைப் பார்த்துத் தெருவில் இப்போது யாரும் சிரிப்பதுகூட இல்லை. இன்னொரு பழக்கம், எந்தக் கதவையும் அவர் அறைந்து சாத்தமாட்டார். காரில் தொடங்கிய பழக்கம் வீட்டு ஃபிரிட்ஜ் வரைக்கும் வந்துவிட்டது. "பாதிதான் மூடறாரு, பால் திரிஞ்சுபோகுது" என்று மனைவி குறைப்படுவாள்.

ஒரு திங்கட்கிழமை எட்டு வண்டிக்காரர் வந்தார். அலுவலக ஆட்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவிடும் எட்டு வண்டிகளுக்கு முதலாளி அவர். மூன்றுக்கு அண்ணன் ஏற்கெனவே கேமரா மாட்டியிருந்தார். மீதி ஐந்தும் அவருக்குத்தான் என்று பேச்சு. முதலாளியின் பின்னால் தலை பாதி நரைத்த டிரைவர் ஒருவர் நின்றார். பதினோரு வருடமாக அங்கே ஓட்டுகிறவர். முதலாளியைவிட மூத்தவர்.

"இங்க பாருங்க" என்று போனை நீட்டினார் முதலாளி. "வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒண்ணு நாப்பதுக்கு வண்டியப் பூட்டுறான். ரெண்டு மணி ரெண்டு நிமிஷம் வரைக்கும் கேமரா ஓடுது. அதோட சரி. நாலு மணிக்கு இவன் சாவி போடற வரைக்கும் ஒண்ணுமே இல்ல. பாத்தா முன்பக்கம் நொறுங்கிக் கெடக்குது."

"நான் எங்க அக்கா வீட்ல சாப்பிட்டுப் படுத்திருந்தேங்க" என்றார் டிரைவர்.

"நீ பேசாத. கேமரா ஒயரப் புடுங்கிட்டு எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்கான். இடிச்சிருக்கான். திரும்பக் கொண்டாந்து அதே எடத்துல நிறுத்திட்டு ஒயரச் சொருகிட்டான். சாவிய வாங்கிட்டேன். எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். ஒயரப் புடுங்கினா இப்படி நிக்குமா, நிக்காதா?"

ஒன்று நாற்பதிலிருந்து இரண்டு இரண்டு. அண்ணன் மனதுக்குள் கணக்குப் போட்டார். இருபத்திரண்டு நிமிடம். யாரும் எதையும் பிடுங்கவில்லை என்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது.

நிற்கும் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அது பொய்யும் இல்லை. ஒயரைப் பிடுங்கினால் கேமரா நிற்கத்தான் செய்யும். அதைச் சொல்லிவிட்டால் முதலாளி போய்விடுவார், ஐந்து வண்டியும் வரும். டிரைவர் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கை மட்டும் அடிக்கடி இடுப்புக்குப் போய், சாவிக்கொத்து தொங்குகிற இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பி வந்தது.

"நாளைக்குக் காலைல வண்டியக் கொண்டாங்க சார். பாத்துட்டுச் சொல்றேன். இவரும் வரணும்."

"இவன் எதுக்கு?"

"பூட்டினது அவர்தானே சார்."

அன்று முழுக்க அவர் அந்த நாளை நினைத்துப் பார்த்தார். அந்தக் காரில் கேமரா மாட்டிய நாளை. அன்றைக்கு அது மூன்றாவது வண்டி. பூட்டிப் பார்த்தார், விளக்கு எரிந்தது. கோழி டயர் அடுக்கின் மேல்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். இதே மாதிரி வண்டிதானே போன வாரமும் செய்தோம் என்று ஃபியூஸ் பெட்டியின் மூடியைப் போட்டு மூடிவிட்டார். மிச்சமான அரை மணியை வீட்டில், சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவி பார்த்துக் கழித்தார். என்ன பார்த்தார் என்று இப்போது ஞாபகம்கூட இல்லை.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சொல்லி முடித்ததும் கேட்டாள்:

"அன்னைக்கு ஒடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல."

"நான் ஏதாவது போன் பண்ணி அவசரமா வரச் சொன்னேனா?"

"இல்லம்மா. அலுப்பு. வேற ஒண்ணும் இல்ல."

"ஒரு காரணம் இருந்திருந்தா சொல்றதுக்கு நல்லா இருந்திருக்கும்."

"அதான் நானும் காலைலேருந்து தேடிட்டிருக்கேன்."

அவள் வெந்நீருக்குள் கால் விரல்களை அசைத்தாள். "அஞ்சு வண்டியும் போயிடும், இல்ல?"

"போயிடும்."

"போனாப் போகட்டும்னு நான் சொல்லமாட்டேன். எப்ப உக்காரலாம்னு என் காலு கேக்குது." குனிந்து கணுக்காலை அமுக்கிக்கொண்டே, "அந்த டிரைவருக்குப் புள்ளைங்க இருக்கா?" என்றாள்.

"கேக்கல. நாளைக்குக் கேக்கறேன்."

"கேக்காதீங்க. கேட்டா அவரு மேல பாவப்பட்டுச் சொன்னதா ஆயிடும். கேக்காமலே சொல்லுங்க." காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் தூங்க வைக்கிறீங்க. போய்ப் படுங்க."

மறுநாள் காலையில் மூன்று பேரும் அந்த வண்டியைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் மஞ்சள் ஒயர் போகிற இடத்தில் விளக்கை மாட்டி, ஒயரைக் கதவு இடுக்கு வழியாக வெளியே எடுத்து, விளக்கை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். சாவியை அவரிடமிருந்து வாங்கி டிரைவரிடம் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை பூட்டின மாதிரியே பூட்டுங்க." டிரைவர் பூட்டிவிட்டுச் சாவியை முதலாளியிடமே திருப்பிக் கொடுத்தார். கோழி ஓடத் தொடங்கியது.

அண்ணன் இன்னொரு வாளியைத் தேடி எடுத்துத் துடைத்து டிரைவருக்குப் போட்டார். முதலாளி உட்காரவில்லை. ஒரு கையில் விளக்கும் மறு கையில் போனுமாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். டயர் கடைக்காரர் வழக்கம்போல வந்தார். "இன்னைக்கு மூணு பேரா சேந்து அடை காக்கறீங்க?" யாரும் சிரிக்கவில்லை. அவர் மெல்ல நழுவினார்.

இருபதாவது நிமிடத்தில் முதலாளி உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். "எரிஞ்சுட்டுத்தானே இருக்கு? அப்புறம் என்ன? நான் சொன்னதுதானே சரி?"

"கொஞ்சம் இருங்க சார்."

காருக்குள் எங்கோ மெல்லிய 'டிக்' என்று ஒரு சத்தம். முதலாளியின் கையில் விளக்கு அணைந்தது. அவர் அதை ஆட்டிப் பார்த்தார்.

"பல்பு போயிடுச்சா?"

"பல்பு நல்லாத்தான் இருக்கு. வண்டி தூங்கிடுச்சு" என்றார் அண்ணன். "கோழியப் பாருங்க. இன்னும் எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கு. இருபத்திரண்டுல அணைஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமையும் இருபத்திரண்டுலதான் நின்னுச்சு. யாரும் புடுங்கல சார். நான்தான் தப்பான எடத்துல மாட்டியிருக்கேன். அரை மணி பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கல."

"ஏன் பாக்கல?"

"அலுப்பா இருந்துச்சு."

எட்டு டிரைவர்களிடம் தினமும் காரணம் கேட்கிறவர் அந்த முதலாளி. பஞ்சர், காய்ச்சல், மாமனாருக்கு மூச்சுத்திணறல் என்று எது சொன்னாலும் மடக்கிக் கேட்கத் தெரியும். இதற்கு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அணைந்த விளக்கை அண்ணனின் கையில் திணித்தார்.

"மத்த ரெண்டு வண்டி?"

"அதுங்களப் பாத்தேன். நம்பிக்கை இல்லன்னா கொண்டாங்க, மறுபடி பாத்துத் தர்றேன்."

"வேணாம். மிச்ச அஞ்சு வண்டிய வேற ஆளு பாத்துப்பான்."

"சரி சார்."

முதலாளி டிரைவர் பக்கம் திரும்பினார். "சாயங்கால டிரிப்புக்கு லேட் பண்ணாத" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். டிரைவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பில் மாட்டிக்கொண்டு, மாட்டியது நிற்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"நொறுக்கினவன் எவன்னு தெரியாமலே போச்சு" என்றார் முதலாளி, யாரிடமும் இல்லாமல்.

"ஆமா சார். அது என்னாலதான்" என்றார் அண்ணன். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, மஞ்சள் ஒயரையும் விளக்கின் ஒயரையும் பழைய இடத்திலிருந்து உருவி வேறு இடத்தில் மாட்டினார். வெளியே வரும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் கதவிலேயே சாய்ந்து நின்றார். விளக்கை முன்கண்ணாடி வைப்பரின் மேல் தொங்கவிட்டார். டிரைவர் பூட்டினார். கோழி மறுபடி ஓடியது.

"திரும்பவுமா?" என்றார் முதலாளி. "அதான் என்னன்னு தெரிஞ்சுபோச்சே."

"தூங்கட்டும் சார்."

இந்த முறை முதலாளியும் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு தாண்டியது. விளக்கு எரிந்தது. இருபத்தைந்து. எரிந்தது. டிரைவர் வாளியில் சுவரோரமாகச் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். இருபத்தேழாவது நிமிடம் முதலாளியின் போன் அடித்தது. யாரிடமோ வந்துவிட்டேன் வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். தூங்குகிற டிரைவரின் இடுப்பிலிருந்த சாவியின் பொத்தானை எட்டி அழுத்தி, காரின் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, கதவை ஓங்கிச் சாத்தினார்.

டிரைவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். காருக்குள் விளக்குகள் எல்லாம் எரிந்தன. முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் முழங்காலில் கை ஊன்றி வாளியிலிருந்து எழுந்தார். டயர் அடுக்குக்குப் போய், இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்த கோழியைக் கையில் எடுத்து, அதன் கழுத்தை முப்பது வரைக்கும் திருகினார்.