புள்ளியில் தொடங்கிய வரி

1. வந்தாறுமூலையிலிருந்து ஒரு கடிதம்

பதினாறு வருடமாக நான் மேனுவல் பக்கங்களைப் பராமரிக்கிறேன். கணினியில் ஒரு கட்டளையை எப்படிப் பாவிப்பது என்று சொல்லும் உதவிப் பக்கங்கள் அவை. நிரலை எழுதுபவர்கள் வேறு ஆட்கள். பக்கத்தில் எந்தச் சொல் தடித்து வரவேண்டும், எந்த வரி உள்ளே தள்ளி நிற்கவேண்டும், பந்தி எங்கே முறியவேண்டும் என்று சொல்லும் குறிகளுக்கு மார்க்கப் என்று பெயர். அந்தக் குறிகளை ஒழுங்காக வைத்திருப்பதுதான் என் வேலை. குருக்கள்மடத்தில், வாவியைப் பார்த்த ஓர் அறையில் இருந்தபடி இதைச் செய்கிறேன்.

என் உத்தியோகம் என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்காது. என் கணவர் தங்கராசா சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்.

"அவவுக்குப் புள்ளி வைக்கிற உத்தியோகம்."

அதில் பிழை சொல்ல முடியாது. நாங்கள் எழுதும் குறிகள் முக்கால்வாசியும் வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்துத்தான் தொடங்குகின்றன.

மார்கழி, தை மாதங்களில் விடிந்த பின்னும் வாவியில் பனிப்புகார் கலையாது. அக்கரை தெரியாது. அம்பிளாந்துறைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அதன் எஞ்சின் சத்தம் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வரும். என் பக்கங்களை வாசிப்பவர்களும் அப்படி ஒரு பனிப்புகாருக்குள் எங்கோ இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். பனி கொட்டும் நாடுகளில், குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு. என் பக்கத்தை ஒருவர் வாசித்ததாக ஊரில் கேள்விப்பட்டதே இல்லை.

அதனால் பங்குனி மாதத்தில் ஒரு நாள் வந்த மின்னஞ்சலின் அடியில் வந்தாறுமூலை என்ற பெயரைக் கண்டபோது ஏதோ கனவில் வாசிப்பதுபோல இருந்தது. பஸ் ஏறினால் இரண்டு மணித்தியாலத்தில் போகக்கூடிய இடம்.

எழுதியவளின் பெயர் றிஸ்னா. மேற்படிப்பு ஆராய்ச்சிக்காக வாவியில் ஐந்து படகுத்துறைகளில் கருவி வைத்து, தண்ணீர் மட்டத்தையும் உப்பின் அளவையும் பதினான்கு மாதமாக எடுத்துவந்தவள். பதிவுகளைச் சேர்த்து வைக்க எங்கள் குழுவின் சிறிய நிரல் ஒன்றைப் பாவித்திருக்கிறாள். மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று துப்புரவுக் கட்டளையை ஓடவிட்டாளாம். பழைய தற்காலிகக் கோப்புகளோடு அளவீடுகள் இருந்த கோப்புறையும் வெறுமையாகிவிட்டது. முதல் பத்து மாதப் பதிவுகளை முன்பே தன் மேற்பார்வையாளருக்கு அனுப்பியிருந்ததால் அவை தப்பின. கடைசி நான்கு மாதமும் இல்லை. மாரி மழை பெய்து, முகத்துவாரம் திறந்து, வாவியில் நன்னீரும் கடல்நீரும் கலந்த மாதங்கள் அவை. அவளுடைய ஆராய்ச்சியே அதைப் பற்றியதுதான்.

"மேனுவல் பக்கத்தை வாசித்த பிறகே செய்தேன். இது நிரலின் பிழையா, என் பிழையா?" என்று கேட்டிருந்தாள். மேற்பார்வையாளருக்கும் பிரதி வைத்திருந்தாள்.

2. நான் எழுதிய பதில்

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

நான் உடனே, குறிகளோடு நாங்கள் எழுதிவைக்கும் மார்க்கப் கோப்பைத் திறந்தேன். அந்தக் கட்டளைக்கான பந்தியைத் தேடினேன். எச்சரிக்கை வாக்கியம் அங்கே இருந்தது: "புள்ளி-ரீடிங்ஸ் கோப்புறையும் வெறுமையாகும், முதலில் பிரதி எடுத்து வையுங்கள்." ஆங்கிலத்தில், தெளிவாக, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அந்தக் கோப்புறையின் பெயரே ஒரு புள்ளியில் தொடங்குவது.

எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. வாசிக்காமல் செய்துவிட்டு வாசித்தேன் என்பவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. பக்கத்தில் எச்சரிக்கை இருக்கிறது, இழப்புக்கு வருந்துகிறோம், இனிமேல் கவனமாக வாசியுங்கள் என்று மரியாதையாக எழுதி, மேற்பார்வையாளருக்கும் பிரதி வைத்து அனுப்பினேன். பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஜன்னலடியில் போய் நின்றேன். வாவி அசையாமல் கிடந்தது.

பின்னேரம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. தன் திரையை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தாள். "இதில் எந்த இடம் என்று காட்ட முடியுமா?" என்ற ஒரு வரி மட்டும்.

படத்தில் அந்தப் பந்தி இருந்தது. தற்காலிகக் கோப்புகளை இந்தக் கட்டளை நீக்கும் என்றது முதல் வாக்கியம். சில கணங்களில் முடிந்துவிடும் என்றது அடுத்தது. நடுவில் ஒன்றுமில்லை. ஒரு வாக்கியம் அங்கே இருந்து போனதற்கான அடையாளம்கூட இல்லை.

கோப்பை மறுபடி திறந்து அந்த வரியின் முதல் எழுத்தைப் பார்த்தேன்.

3. சுத்தம் செய்த நாள்

எங்கள் மார்க்கப்பில் ஒரு பழைய சட்டம் உண்டு. வரியின் முதல் எழுத்து புள்ளி என்றால் அந்த வரி வாசகருக்கு உரியதல்ல, பக்கத்தை அமைக்கும் நிரலுக்கு இடும் கட்டளை. தெரிந்த கட்டளை என்றால் நிரல் அதைச் செய்யும். தெரியாதது என்றால் பேசாமல் விட்டுவிடும், முழு வரியையும் சேர்த்து.

எங்கள் குழுவுக்கு ஒரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்குவோம். பிறகு திருத்துவது சுகம். அமைத்து வரும் பக்கத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே பந்தியாகத்தான் தெரியும்.

அந்தப் பக்கம் பழையது. யாரோ வாக்கியங்களை ஒட்ட ஒட்ட எழுதியிருந்தார்கள். எச்சரிக்கை வாக்கியம் ஒரு வரியின் நடுவில் பத்திரமாக இருந்தது. நான் சுத்தக்காரி. குசினியில் போத்தல் வரிசை கோணினாலே நித்திரை வராது. அந்தக் கடிதத்துக்குச் சற்று முன் கழிந்த மாரியில் ஒரு நாள் அந்தப் பக்கத்தைப் பிரித்து, வாக்கியத்துக்கு ஒரு வரியாக அடுக்கினேன். அப்போது எச்சரிக்கை வரி கோப்புறையின் பெயரில் தொடங்கியது. புள்ளியில் தொடங்கியது.

அதற்குத் தீர்வு எனக்குத் தெரியாததல்ல. புள்ளிக்கு முன்னால், அச்சில் விழாத ஒரு சின்னக் குறியைப் போட்டால் போதும். வாசிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் வரி நிற்கும். அதைவிட, குறிகளை மட்டும் தொட்டால் முன்பு வந்த பக்கமும் பின்பு வரும் பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். நான் ஒப்பிடவில்லை. பரிசோதிக்கும் நிரல் முறைப்பாடுகளைக் கொட்டியது. பழைய பக்கம் என்றால் அது அப்படித்தான் கத்தும் என்று அதையும் மறைத்துவிட்டேன். குழுவின் பொறுப்பாளர் ஒரு குளிர்நாட்டுக்காரர். "உங்கள் திருத்தங்களை நான் பார்ப்பதே இல்லை, அவ்வளவு நம்பிக்கை" என்று அவர் ஒருமுறை எழுதியிருந்தார். அந்தப் பெருமையும் எனக்குள் இருந்தது.

உண்மையைச் சொன்னால், அன்று என் கண் திரையில் இல்லை. வாவி வளவுக்குள் வந்திருந்தது. வேலியின் மூலைக்கட்டையின் அடியில் தண்ணீர் நின்றது, அதில் வானம் கிடந்தது. தூரத்தில் பாதையடியில் யாரோ ஒருத்தி குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளிருந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடியே திருத்தத்தின் குறிப்பை எழுதினேன்: "மார்க்கப் மட்டும். உள்ளடக்கத்தில் மாற்றமில்லை."

4. சேரின் அறை

தங்கராசா வயலால் வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்னகா, பாதைய விட்ட ஆள் மாதிரி இரிக்காய்?"

சொன்னேன். அவர் முகம் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வரம்பு கட்டினா அடுத்த நாள் போய்த் தண்ணி நிக்குதா எண்டு பாக்கணும். நீ வரம்பு வடிவா இரிக்கு எண்டு பாத்துப்போட்டு வந்திட்டாய், என்ன?"

"ஓம்."

"மறுகா என்ன, அந்தப் புள்ளையிட்டப் போய் நேரில சொல்லு. கடதாசியில சொன்னது போதும்."

போக எனக்கு விருப்பமில்லை. பதினாறு வருட நல்ல பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரை நம்பி நான் அனுப்பிய பதில் மேற்பார்வையாளரின் கையில் இருந்தது. அதை வைத்து, அளவுகளைத் திரும்ப எடுக்க அவளுக்கு அவகாசம் மறுக்கலாம். மறுத்தால் அவளுடைய படிப்பு அதோடு முடிந்துவிடும். முதலில் வரியைத் திருத்தினேன். பிறகு, எச்சரிக்கையை மறைத்தது என் திருத்தம்தான் என்று குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினேன். பொறுப்பாளர் ஒரே வரியில் பதில் போட்டார். இனிமேல் என் திருத்தங்களையும் பார்ப்பாராம். வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

பஸ் ஏறிப் போனேன். பல்கலைக்கழக வளாகத்தில் றிஸ்னா வாசலிலேயே நின்றாள். ஏறாவூர்ப் பிள்ளை. இரண்டு மூன்று நாள் நித்திரை இல்லாத முகம்.

"மிஸ் குருக்கள்மடமா? நான் வெளிநாட்டு ஆள் எண்டுதான் நெனச்சன். என்ட மூணாவது கருவி ஒங்கட பாதையடியிலதான் இரிக்கி."

எனக்குக் குடையும் கயிறும் நினைவுக்கு வந்தன. அது அவள்தானா என்று அப்போது கேட்க முடியவில்லை.

மேற்பார்வையாளர் தன் அறையில் என் பதிலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்.

"எச்சரிக்கை இரிக்கு, கவனமா வாசியுங்க எண்டு நீங்கதானே எழுதினீங்க?"

"ஓம் சேர். அது பிழை. அவ வாசிச்சவ. நான்தான் வாசிக்கல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பழைய பக்கத்தையும், என் திருத்தத்துக்குப் பின் வந்த பக்கத்தையும், இப்போது சரிசெய்த பக்கத்தையும் வரிசையாக வைத்து விளங்கப்படுத்தினேன். அவர் மூன்றையும் நிதானமாக வாசித்தார்.

"இத எழுத்தில தர ஏலுமா? அவகாசம் தாற போர்ட்டுக்கு வைக்கணும்."

"கொண்டு வந்திரிக்கன் சேர்."

வெளியே வந்ததும் றிஸ்னா மரத்தடியில் நின்று அழுதாள்.

"அந்தப் பக்கத்த மூணுதரம் வாசிச்சன் மிஸ். உம்மாகூட, நீ அவசரக்காரி, வாசிச்சிருக்க மாட்டாய் எண்டு சொல்லிட்டாங்க. எனக்கே என்ட கண்ணில நம்பிக்கை இல்லாமப் போயிட்டு."

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

5. வெள்ளை இடம்

இன்னொரு மாரிக்கு அவகாசம் கிடைத்தது. அந்த மாரி முழுக்கப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவள் எங்கள் பாதையடிக்கு வந்தாள். வந்தால் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவாள்.

இப்போது நான் "மார்க்கப் மட்டும்" என்று எழுதுவதில்லை. "வெளிவந்த பக்கத்தை முழுதாக வாசித்தேன்" என்று எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் வாசிக்கவும் செய்கிறேன், வாய்விட்டு. நாங்கள் காவல் காப்பது கோப்பை அல்ல, எங்கோ ஒருவர் திரையில் வந்து விழும் பக்கத்தை. தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். அதைக் கற்க ஒரு பிள்ளையின் நான்கு மாதம் செலவாகியிருக்கத் தேவையில்லை.

ஆராய்ச்சி நூலைக் கட்டக் கொடுக்குமுன் அவள் பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். வாவியின் தண்ணீர் மட்டம் ஒரு கோடாக ஏறி இறங்கிப் போனது. நடுவில் நான்கு மாதம் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு கோடு மறுபடி தொடங்கி, அடுத்த மாரியில் உயர எழுந்தது. காரணம் ஆவணப் பிழை என்று மட்டும் அடிக்குறிப்பில் போட்டிருந்தாள். என் பெயரைப் போடச் சொன்னேன்.

"வேணா மிஸ். நாம அளக்காட்டியும் அந்த மாரியில வாவி நெறஞ்சிதானே இரிந்திச்சி."

நான் அந்த வெள்ளை இடத்தை விரலால் தடவினேன். அந்த நாட்களில் ஜன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர் அது.

"எவ்வளவு தண்ணி வந்தது எண்டு கேட்டா, மூலைக்கட்டையின்ட அடி வரைக்கும் எண்டு மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"எந்த நாள் மிஸ்? தெரியுமா?"

தெரியும். அந்தத் திருத்தத்தோடு நாளும் நேரமும் பதிவாகியிருக்கிறது, அழிக்க முடியாதபடி. சொன்னேன்.

றிஸ்னா அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வளவுக்கு இறங்கினாள். அவள் வந்திருந்த இந்த நாளில் பாதையடியில் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்ற கணக்கு அவளிடம் இருந்தது. அதிலிருந்து மூலைக்கட்டையின் அடி எவ்வளவு உயரம் என்று, தங்கராசா நாடாவின் மற்ற முனையைப் பிடிக்க, இரண்டு தரம் அளந்தாள். திரும்பி வந்து கணக்குப் பார்த்து, அந்த வெள்ளை இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.