பீடிப் பழக்கம் உண்டு

அந்தத் தீயணைப்பு வீரருக்குப் பீடிப் பழக்கம் உண்டு என்று எழுதியது நான்தான். எழுதியது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மைதான் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில், தீயணைப்புத் துறை அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தேன். கீழே வண்டிகள் நிற்கும், மாடியில் எங்கள் மேசைகள். ஆற்றுப்பாசன ஊர்க்காரன் நான். எங்கள் வயல்காரக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன். ஆங்கிலத்தில் குறிப்பு நன்றாக எழுதுவேன் என்று அலுவலகத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் மிகவும் நேசித்தேன்.

அவர் லீடிங் ஃபயர்மேன். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சார் என்பார். மனைவி, ஒரே மகள். மகள் நாசரேத்தில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அவர் சொல்லாத ஆள் நிலையத்தில் கிடையாது.

துறைமுகத்தை ஒட்டி, பஞ்சு அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்று ஒருமுறை பற்றிக்கொண்டது. பஞ்சில் பிடித்த தீ, தண்ணீர் பட்டதும் கறுத்து, அணைந்துவிட்டதுபோலக் காட்டும். பேல் என்கிற இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதிக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஆட்கள் உள்ளே போய் ஒவ்வொரு பேலாக வெளியே உருட்டி, இரும்புப் பட்டையை வெட்டி, பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். அதற்கு நாட்கணக்கில் ஆகும். முகமூடி நிலையத்தில் இருந்தது, அலமாரிக்குள். இவர்கள் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குப் போன பிறகும் கறுப்பாகச் சளி துப்பிக்கொண்டிருப்பார்கள்.

சேத விவரம் குறித்துக்கொள்ள நான் போனபோது வேலை முடிந்திருந்தது. ஒரே ஒரு நெருப்புக் கங்கை மட்டும் அணைக்காமல் ஓரமாக விட்டிருந்தார்கள். அண்ணாச்சி குனிந்து அதில் ஒரு பீடியைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்து, இருமி, கண்ணில் நீர் வழிய அடுத்தவர் கையில் கொடுத்தார்.

"பாத்து, அண்ணாச்சி இன்னைக்கும் மயங்கி விழப்போறாவ" என்றார் வண்டி டிரைவர்.

"ஏலே, நீ வண்டியில உக்காந்து பாட்டுக் கேட்டவன். ஒனக்குப் பங்கே கிடையாது."

பீடி சுற்றி வந்தது. கடைசி ஆள் அதைக் கங்கின்மேல் போட்டார், ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றினார். அதற்குப் பிறகுதான் தீ அணைந்ததாக அவர்களுக்குக் கணக்கு. தீ நடந்த இடத்தில் புகைப்பது விதிப்படி குற்றம். அதோடு, இதை வீட்டில் சொன்னால் அடுத்த தீ பெரிதாக வரும் என்று ஒரு நம்பிக்கை. மனைவிமார் யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி மற்றபடி பீடியைத் தொடாதவர்.

"சாரும் பாத்தாச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேல போய் எழுதிராதீய."

நான் எழுதவில்லை.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. மெலிந்துகொண்டே போனார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்று என்றார்கள்.

வேலையினால் வந்த நோய் என்று அரசு ஏற்றுக்கொண்டால் பென்ஷன் கூடுதலாகக் கிடைக்கும், அவருக்குப் பிறகு மனைவிக்கும் அது தொடரும். ஏற்காவிட்டால் சாதாரணக் குடும்ப பென்ஷன்தான். அதில் இரண்டு பெண்கள் சாப்பிடலாம், விடுதியில் வைத்துப் படிக்கவைக்க முடியாது. அவருக்கு இருந்த ஒரே கவலை அது. மருத்துவர், புகையினால் வந்திருக்கக்கூடும் என்று எழுதி, புகைக்கும் பழக்கம் உண்டா என்பதைத் துறை விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று முடித்திருந்தார். விசாரிக்கும் வேலை என்னிடம் வந்தது.

அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மனைவி மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அண்ணாச்சி சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, பீடி, சிகரெட் பழக்கம் ஏதாவது?"

"நீங்கதான் பாத்தியளே சார்."

"அது வேற."

"என்ன வேற? இழுத்தது இழுத்ததுதான. பாக்காத ஆளு கேட்டா இல்லன்னு சொல்லிருவேன். ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல?" மூச்சு வாங்க நிறுத்தினார். "உள்ளத அப்படியே எழுதுங்க. தீ அணைஞ்சா எல்லாருமாச் சேந்து ஒண்ணு. கிட்டங்கிக்குள்ள நாங்க குடிச்ச பொகையையும் எழுதுங்க. ஒங்க இங்கிலீசுல எழுதுனா எவன் தட்டுவான்?"

மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். அப்போது புதிதாக வந்திருந்த அதிகாரி கடுமையானவர். இருப்பதை அப்படியே எழுதினால் அந்தக் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ போகும். நேரில் பார்த்த நீ ஏன் அன்றே சொல்லவில்லை என்று எனக்கும் ஒன்று வரும். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த சமயம். ஆட்களைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'பீடிப் பழக்கம் உண்டு என விசாரணையில் சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்டார்' என்று ஒரே வரி எழுதி முடித்தேன். கிட்டங்கிப் புகையைப் பற்றித் தனியாக ஒரு பத்தி நன்றாகவே எழுதினேன். அந்த ஒரு வரிக்கு முன்னால் அந்தப் பத்தி நிற்காது என்று எனக்குத் தெரியும்.

படிக்கட்டில் டிரைவர் வழிமறித்தார். "சார், அத எழுதிட்டியளா?"

"இல்லை."

"நல்லவேள. அத்தன பேரு சோத்துலயும் மண்ணு விழுந்திருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொள்ள விட்டேன்.

உத்தரவு சில மாதங்களில் வந்தது. நோய் சொந்தப் பழக்கத்தினால் வந்திருக்கக்கூடும், பணியினால் வந்ததாகக் கொள்வதற்கில்லை. நான் அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. மேலே ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"பொகையே இல்லாத எடத்துலயா நான் வேல பாத்தேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "பிள்ள படிப்ப முடிக்கட்டும்னு பாத்தேன்" என்றார். ஐப்பசி மழைக்கு முன்பே இறந்துபோனார்.

தீயணைப்பு வீரருக்குச் சில வகைப் புற்று வந்தால் அது வேலையினால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளும் சட்டம் சில நாடுகளில் இருப்பதாகப் பல வருடம் கழித்துப் படித்தேன். இல்லை என்று நிரூபிப்பது அங்கே அரசின் பொறுப்பாம். எங்கள் நாளில் அப்படி ஒரு சட்டம் இல்லாததுதான் காரணம் என்று சில நாள் ஆறுதலாக இருந்தது. சட்டம் இல்லைதான். ஆனால் விசாரித்தவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

குவார்ட்டர்ஸைக் காலிசெய்து சாவியை ஒப்படைக்கத் தாயும் மகளும் வந்தார்கள். மாப்பிள்ளையூரணியில் மாமன் வீட்டோடு போய் இருக்கப்போவதாகவும், மகள் உப்பளத்துக்கு வேலைக்குப் போகப்போவதாகவும் கீழே டிரைவர் சொல்லியிருந்தார். தாய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மகள் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து. பிறகு உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தாள். ஆங்கிலம் அவளுக்குப் புரிந்தது.

"எங்கப்பா பீடி குடிக்கமாட்டாவளே சார்."

நான் சாவியில் வீட்டு எண் எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"யாரு சார் இப்படிச் சொன்னது?"

உள்ளதை அப்போது சொல்லியிருக்கலாம். அதனால் பென்ஷன் கூடியிருக்காது. ஆனால் அந்தப் பெண் தன் தகப்பனை முழுதாக எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"உங்க அப்பாவே சொன்னதும்மா. என்கிட்டதான் சொன்னார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். அவளுடைய அப்பாவுக்கு என்மேல் இருந்த மரியாதை அவளுக்குத் தெரியும். தாளை நான்காக மடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். நடுவில் ஒரு தட்டிதான், பேசுவது கேட்டது.

"அப்பாவே சொன்னாவளாம்மா, பீடி குடிப்பேன்னு."

கீழே வண்டியைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே, ஏளா" என்றார் தாய்.

இருவரும் எழுந்து படியிறங்கிப் போனார்கள்.