படியில் கீறிய பெயர்

இருளாயி அக்கா புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறார். முப்பது வருடமாகச் சம்பளத்துக்குப் பெருவிரல் ரேகைதான். காணி கிடைத்து வீடு கட்டத் தொடங்கிய பிறகுதான் மகள் சுமித்ராவிடம் பெயர் எழுதப் பழகினார். பழக மூன்று மாதம் பிடித்தது.

வாசற்படிக்குச் சீமெந்து பூசிய அன்று, காயுமுன் ஆணியால் அதில் பெயரைக் கீறினார். கடைசி எழுத்து சரிந்து, படியிலிருந்து விழப்போவதுபோல் நின்றது. “மேடம், எங்களுக்கும் ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று லயத்து வீட்டு வரிசையே கிண்டல் செய்தது. ஆரம்பித்தது பக்கத்து வீட்டிலிருக்கும் நான்தான். வீடு கட்டும் வேலையைப் பொறுப்பெடுத்த மேசன் தினேஷ் பாஸும் சிரித்தார். போனில் படம் எடுத்தார்.

படம் எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. அக்கா கொடுத்த முழுப் பணத்தோடும் தினேஷ் றக்வானப் பக்கம் மறைந்துவிட்டார். கூரைத்தகரம் கடனுக்குக் கொடுத்த லாபிர் முதலாளி ஏணியோடு வந்தார்.

“பில்லுல ஒங்கட கையெழுத்து ஈக்கிது. சல்லி தாங்க, இல்லாட்டித் தகரத்தக் கழட்டுவேன்.”

சரிந்த கடைசி எழுத்தோடு, படியிலிருந்த அதே பெயர்; படத்தைப் பார்த்துத் தினேஷ் போட்டது. கால் துடைக்கும் சாக்கு கிடந்ததால் முதலாளி படியைக் கவனிக்கவில்லை.

பிணக்கு மத்தியஸ்த சபைக்குப் போனது. சபைத் தலைவர் சொன்னார்: “வீட்டுக்காரங்க கையெழுத்து இல்லாட்டி இந்தக் கடன் பாஸோடதுதான். வீட்டுல கைவைக்க ஏலாது.” பிறகு ஒரு தாளை நீட்டினார். “அம்மா, பேர எழுதுங்க, பாப்போம்.”

அக்கா பேனாவைப் பார்த்தார். எழுதினால் அந்தச் சரிந்த எழுத்துதான் வரும். வேறு மாதிரி எழுத அவருக்குத் தெரியாது.

“எழுதத் தெரியாதுங்க ஐயா. கைநாட்டுங்க.”

பின்வரிசையில் சிரிப்பு. “ஊடு கட்டத் தெரியுது, பேரெழுதத் தெரியாதாம்!”

சுமித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கொண்டுபோயிருந்த பழைய சம்பளத் துண்டுகளிலும் ரேகைதான். லாபிர் முதலாளி பில்லை மடித்துக்கொண்டார். சபைத் தாளில் அக்கா பெருவிரலை அழுத்தினார். கூரை பிழைத்தது.

வீட்டுக்கு வந்தவர் சேலைகூட மாற்றவில்லை. உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

“சாக்குப் போட்டு மூடிக்கலாம்க்கா” என்றேன்.

“சாக்கு எத்தன நாளைக்குடா தம்பி கெடக்கும்?”

சரிந்த எழுத்தைத்தான் முதலில் உடைத்தார்.

அடுத்த மாதம் காணி உறுதிப் பத்திரம் கொடுக்கிறார்களாம். முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லித் திரிந்தவர் அவர். இனி அதற்கும் பெருவிரல்தான். மேடம் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நான்கூட.