ஞாயிறு காலையில் நான் எழுப்பிய கடல்

யுத்தம் முடிந்த மறு வருடம் அது. மாரி மழை இன்னும் தொடங்கவில்லை. மருதமுனையில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்த சுனாமி வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எங்கள் ஒழுங்கையில் பதினான்கு வீடுகள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நான்கு வீட்டுக்கு மணக்கும்.

அப்போது நான் ஒரு நாளிதழின் பிரதேச நிருபர். சண்டை ஓய்ந்ததும் அனுப்புவதற்குச் செய்தி குறைந்தது, மாலைகள் மிஞ்சின. பழைய கணினியொன்றில் இசை அமைக்கப் பழகத் தொடங்கினேன். கற்றுத்தர ஆளில்லை. இணையத்தில் கிடைத்த பாடங்களும் ஒரு ஹெட்போனும்தான். தொழுகைக்குப் போகிற மனுசன் மியூசிக் போடுகிறான் என்ற பேச்சு வராமலிருக்கவும் ஹெட்போன் உதவியது.

பதினொரு மாதத்தில் கணினிக்குள் முப்பத்தொரு மெட்டுகள் சேர்ந்தன. ஒன்றுகூட முடியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் போய் நின்றுவிடும். செய்தி என்றால் கெடு நேரம் உண்டு, “எங்கே, இன்னும் வரவில்லையே?” என்று கேட்க ஆள் உண்டு. இதை யார் கேட்டார்கள்? மனைவி சிரிப்பாள்: “முப்பத்தொரு புள்ளயப் பெத்து ஒண்டுக்கும் பேர் வைக்கல்ல நீங்க.” முப்பத்திரண்டாவதையும் முடிக்காவிட்டால் கணினியை விற்றுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

அந்த முப்பத்திரண்டாவதற்குக் கடலை எடுத்துக்கொண்டேன். பேட்டி எடுக்கும் ரெக்கார்டரைக் கொண்டுபோய் அலைச் சத்தத்தைப் பதிவு செய்தேன். அதன் வேகத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தபோது, தனித்தனி அலைகள் மறைந்து ஒரே இரைச்சலாக நீண்டது. ஒன்றுமில்லாமையிலிருந்து மெல்ல எழும்பி, ஒரு நிமிடத்தில் உச்சத்துக்கு வரும்படி அமைத்தேன். அடித்தொனியை ஹெட்போனில் சரியாகக் கணிக்க முடியாது என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்காகக் கல்முனையில் கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டும் ஒருவரிடம் பெரிய ஸ்பீக்கர் பெட்டியொன்றை வாங்கி வந்தேன்.

அதை முதலில் போட்டுப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது மணிக்குச் சற்று முன்னால். மனைவியும் பிள்ளைகளும் சாய்ந்தமருதில் அவளுடைய உம்மா வீட்டில். கடல் எங்கள் ஊருக்குள் வந்ததும் ஒரு ஞாயிறு, இதே நேரம்தான். அது எனக்குத் தெரியாதா? சுனாமியைப் பற்றி நூறு செய்தியாவது எழுதியவன். ஆனால் அந்த நிமிடத்தில் என் கண் கணினித் திரையில் இருந்தது. மேசையில் தண்ணீர்ப் போத்தல் நடுங்கியது, நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பதினொரு மாதத்தில் முதன்முறையாக என் சத்தம் எனக்கே பிடித்திருந்தது. இன்னும் கூட்டி, மூன்று தடவை போட்டேன்.

நிறுத்தியபோது வெளியே சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் நின்றிருந்தது. வாசலுக்கு வந்தேன். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது. நடு வழியில் ஒற்றைச் செருப்பு, சிறு பிள்ளையுடையது.

கடல் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நானும் ஓடினேன்.

பிரதான வீதியில் எங்கள் ஒழுங்கையும் அடுத்த இரண்டு ஒழுங்கைகளும் கூடி நின்றன. மீன் வியாபாரி ஒருவரிடம் மூச்சு வாங்க விசாரித்தேன்.

“கடல் இரையிறது கேக்கல்லியா உங்களுக்கு? ஒழுங்கைக்குள்ளயே வந்திட்டு எண்டாங்க!”

“எந்தப் பக்கத்தால?”

“உங்கிட வீட்டுப் பக்கத்தாலதான்.”

அப்போதுதான் விளங்கியது. “அது கடல் இல்ல. நான் போட்ட சத்தம்” என்றேன். ஒருவரும் நம்பவில்லை. இரண்டாம் தடவை விளக்கமாகச் சொன்னேன். பிறகு ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருந்த தையல்காரர் சொன்னார்: “நிருபர், இதையும் பேப்பர்ல போடுங்க. ஆர் செஞ்சதெண்டு பேரையும் போட்டுவிடுங்க.” பலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

சிரிக்காமல் இருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா; எங்களுக்கெல்லாம் ராத்தா. ஆண்கள் உடுத்தும் சாரம் நெய்கிறவர். கடல் வந்த அன்று மூத்த மகளைப் பறிகொடுத்தவர். கடையொன்றின் படியில் உட்கார்ந்திருந்தார். வழியில் பலகை ஆணியொன்றை மிதித்து, பாதத்திலிருந்து இரத்தம் வடிந்தது. மடியில் எதிர்வீட்டுக் குழந்தை. ஓடும்போது தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். குழந்தையின் தாய் குனிந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். “ராத்தா, தாங்க புள்ளய. ஒண்டுமில்லயாம்.” அவருடைய கைகள் பிடி விடவில்லை. ராத்தாவின் கணவர் வந்து ஒவ்வொரு விரலாகத்தான் விலக்கினார்.

அதற்கு முன் இரண்டு தடவை எங்கள் பகுதியில் சனம் இப்படி ஓடியிருக்கிறது. இரண்டு தடவையும் “வதந்தியை நம்பி மக்கள் வீண் பீதி” என்று நான்கு வரிச் செய்தி அனுப்பியவன் நான்தான். வீண் என்ற சொல்லை எவ்வளவு இலேசாகப் போட்டிருக்கிறேன் என்று அந்தப் படிக்கு முன்னால் நின்றபோது தெரிந்தது.

அன்றே பதினான்கு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கணினியை விற்க ஆளும் பார்த்துவிட்டேன்.

மூன்று வாரம் கழிந்து ராத்தா நொண்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு பீங்கான் தட்டில் வட்டிலப்ப இனிப்பு. மனைவியிடம் அதைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அண்டைக்கு நான் பாதிலதானே ஓடின. மறுகா என்ன வரும் அதுல?”

“மறுகா ஒண்டுமில்ல ராத்தா. அதோட நிண்டுட்டு. இன்னும் செய்யல்ல.”

“செய்யல்லயா? எனக்கு இன்னமும் அது காதுக்குள்ள பாதில நிக்கிது. படுக்க ஏலாம இரிக்கி. செஞ்சி முடிங்களன்.”

அதில் கோபம் இல்லை. நெய்யக் கொடுத்த சாரத்தைக் கேட்கிற குரல்தான். பதினொரு மாதத்தில் என் மெட்டு ஒன்றுக்கு மிச்சம் எங்கே என்று கேட்ட முதல் ஆள் அவர்.

கணினியை விற்கவில்லை. உச்சத்தில் நிற்கிற இரைச்சலை எப்படிக் கீழே இறக்குவது? சட்டென்று வெட்டினால் நெஞ்சில் அடைத்தது. மெல்லக் குறைத்தால் பதுங்கி இருப்பதுபோல் பயம் தந்தது. ஆறாம் நாள், மீண்டும் கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. குறைத்த வேகத்தைப் படிப்படியாக உண்மை வேகத்துக்குக் கொண்டுவந்தேன். இரைச்சல் பிரிந்து, தனித்தனி அலைகளாகி, கடைசியில் நாங்கள் தினமும் கேட்கிற கடலாக மாறியது. கரைவலை இழுப்பவர்களின் கூப்பிடு குரலும் அதில் அகப்பட்டிருந்தது. அதையும் விட்டுவைத்தேன். ஒன்பதாம் நாள் முடிந்தது. மொத்தம் நான்கு நிமிடம்.

இந்த முறை வீடு வீடாக முதலே சொன்னேன்: “அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சத்தம் போடப் போறன். ஓட வேணாம்.” ஏழெட்டுப் பேர் கதிரையோடு வந்தார்கள். மீன் வியாபாரி மட்டும் மோட்டார் சைக்கிளைப் பிரதான வீதிப் பக்கம் திருப்பி, அதன் மேலேயே இருந்தார். “நீங்க போடுங்க. நான் இப்பிடியே கேக்கன்” என்றார்.

ராத்தா எங்கள் வாசல் ஓரத்துக் கதிரையில் இருந்தார். ஒரு கால் உள்ளே, கட்டுப் போட்ட கால் வெளியே. இரைச்சல் ஏறியபோது கதிரைச் சட்டத்தைப் பிடித்தார். எழும்பவில்லை. கடைசி அலை வந்து போனது. கொஞ்சம் பொறுத்து வெளியே இருந்த காலை உள்ளே எடுத்து வைத்தார்.

“ம். இப்ப முடிஞ்சிட்டு” என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு எத்தனையோ மெட்டுகளை முடித்துவிட்டேன். அலுத்துப்போய்ப் பாதியில் எழும்புகிற நாட்களும் இல்லாமலில்லை. அப்போதெல்லாம், நான் விட்ட இடத்தில் யாரோ ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதி வழியில் நிற்கிறார் என்ற எண்ணம் வந்து என்னை மறுபடியும் உட்கார வைக்கிறது.