ஒத்துக்கொண்டவனுக்கு அப்பீல் இல்லை

லாரி கிளீனர், கல் குவாரி, மாம்பழக்கூழ் கம்பெனி என்று சுற்றிவிட்டு, ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் ஓசூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவானேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓரிரு வருடம் இருக்கும், அப்போது ஒருவன் வேலைக்கே உலை வைத்தேன்.

சின்ன கேஸ்களில் கட்சிக்காரரிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன். "மாஜிஸ்திரேட் ஐயா கேட்டதும் ஒத்துக்க, ஃபைன் கட்டு, மத்தியான ஷிப்டுக்குப் போயிடலாம்" என்பேன். எல்லோரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். கல்லாவிக்காரன் முருகேசனும் அப்படித்தான். காண்ட்ராக்ட் ஃபிட்டர்; பஸ் ஸ்டாண்ட் அடிதடி கேஸ். ஒத்துக்கொண்டான், கட்டினான், ஓடினான்.

பத்தே நாளில் திரும்பி வந்தான். கம்பெனி பர்மனென்ட் ஆக்கப்போகிறதாம். போலீஸ் சர்டிபிகேட்டில் தண்டனை என்று இருந்தால் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம்.

மாற்றிவிடலாம் என்று தைரியம் சொன்னேன். வக்கீல் வெளியூரில் இருந்ததால் ஜூனியரிடம் கையெழுத்து வாங்கி மனுப் போட்டேன். மாஜிஸ்திரேட் ஒரே வரியில் முடித்தார்: கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம், தீர்ப்பை மாற்ற அவருக்கே அதிகாரம் இல்லை.

மேல் கோர்ட் இருக்கிறதே என்று அப்பீல் கட்டுடன் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். செஷன்ஸ் கோர்ட்டில் ஃபைலிங் பார்க்கும் அம்மா தீர்ப்பு நகலைப் புரட்டினார்.

"ஒத்துக்கிட்டவருக்கு அப்பீல் ஏதுப்பா? தண்டனை ஜாஸ்தின்னு வேணா கேக்கலாம். ஃபைன கொறைக்கவா இவ்ளோ தூரம் வந்த?"

"இல்லிங்க மேடம், கேஸே இல்லன்னு..."

"அவரு அடிச்சாரா, இல்லியா?"

எனக்குத் தெரியவில்லை.

ஓசூர் திரும்பியதும் கம்பெனி கேட்டில் நின்று முருகேசனைப் பிடித்துக் கேட்டேன்.

"நா எங்கணா அடிச்சேன்? அடிச்சிக்கினவங்கள வெலக்கி வுட்டேன். என்னையும் சேத்து இட்டுனு போயிட்டாங்க."

"அப்பறம் ஏம்பா ஒத்துக்கின?"

"நீதானணா சொன்ன."

வக்கீல் ஊர் திரும்பி, என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். இனி, கீழ்க்கோர்ட் முறைப்படி நடந்ததா என்று மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் ரிவிஷன் மனு ஒன்றுதான் வழி. எதை ஒத்துக்கொள்கிறோம் என்று புரியாமலே முருகேசன் தலையாட்டினான் என்று காட்ட வேண்டும். சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். வக்கீல் போகச் சொல்லவில்லை.

செஷன்ஸ் நீதிபதி தண்டனையை ரத்து செய்து, கேஸை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று அதே மாஜிஸ்திரேட் கேட்டார். முருகேசன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்க என்னத்துக்குப் பாக்கற? உன்னத்தான் கேக்கறேன்" என்றார் மாஜிஸ்திரேட்.

"நா அடிக்கலிங்கய்யா."

சாட்சிகள் யாரும் அவனை அடையாளம் காட்டவில்லை, விடுதலையானான். அதற்குள் கம்பெனி லிஸ்டை மூடிவிட்டது. அடுத்த லிஸ்ட் வரும்வரை ஒன்றரை வருடம் காண்ட்ராக்டிலேயே கிடந்தான்.

மாஜிஸ்திரேட் எதை மாற்றலாம், மேல் கோர்ட் எதைக் கேட்கும் என்பதையெல்லாம் புதிதாக வரும் குமாஸ்தாக்கள் போகப்போகத் தெரிந்துகொள்ளலாம். என்ன நடந்தது என்று கட்சிக்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.