பலகைத் தரையில் கேட்ட பிள்ளை

வட்டகொடைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பூரணியைத் தெரியாத ஆளில்லை. பதினோரு வருஷமாகப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து இவள் கையில் விட்டுவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஆயா என்று பெயர். இவள் ஹட்டனில் ஆறு மாதம் பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு வந்தபிறகு டீச்சர் ஆகிவிட்டாள். யாராவது வாய் தவறி ஆயா என்று கூப்பிட்டால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான். அவ்வளவு ரோஷக்காரி.

அப்பேர்ப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை, கையில் தகரத் தட்டோடு பேயறைந்த மாதிரி நின்றாள்.

காம்பராவுக்குப் பழைய காலத்துப் பலகைத் தரை. சாப்பாட்டு நேரம் வந்தால் பூரணி தட்டைத் தரையில் நாலு தட்டுத் தட்டுவாள், பதினாலு பிள்ளைகளும் ஓடிவரும். எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பது சுதர்ஷினியின் மகள் கேஷிகா. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. "அவ அப்பா மாதிரி டீச்சர், லேட்டாத்தான் பேசுவா" என்பாள் சுதர்ஷினி. இவளும் தலையாட்டிவிடுவாள். அன்றைக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த தடித்த ஸ்பாஞ்சு மெத்தைகள் தரை முழுக்க விரித்துக் கிடந்தன. பூரணி தட்டைக் கையில் பிடித்துக் கரண்டியால் அடித்தாள். பதின்மூன்று பிள்ளைகள் வந்தன. கேஷிகா முதுகைக் காட்டி உட்கார்ந்து பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

பூரணி பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காதருகே கை தட்டினாள். ஒன்றுமில்லை. மெத்தையைச் சுருட்டி, பிள்ளையை வெறும் பலகையில் உட்கார வைத்து, நாலடி தள்ளிக் காலால் ஒரு மிதி மிதித்தாள். கேஷிகா சட்டென்று திரும்பிச் சிரித்தாள்.

"ஐயோ, படுபாவி நான்" என்று பூரணிக்கு வாய்விட்டே வந்துவிட்டது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, தரை அதிர்வதுதான் தெரிந்திருக்கிறது. வளர்ச்சி அட்டையை எடுத்துப் பார்த்தாள். பெயர் சொன்னால் திரும்புகிறதா என்ற கேள்விக்கு இரண்டு வருஷமும் 'ஆம்' என்று போட்டிருந்தது அவளே. தட்டுக்கு ஓடிவந்ததைப் பார்த்துப் போட்டது.

மிட்வைஃப் அம்மாவுக்கு போன் எடுத்தாள். "வர்ற வியாழக்கிழமை நுவரெலியாவுல காது பாக்குற கேம்ப் இருக்கு. கொழும்புல இருந்து மெஷினோட வாறாங்க. பதினோரு மணிக்குள்ள பேரு பதியணும். இத விட்டா எட்டு மாசம் போகும் பூரணி. அந்தப் புள்ளைக்கு எட்டு மாசம்னா சும்மா இல்ல. பேச்சுப் படிக்கிற வயசே போயிரும்."

அன்று சாயந்தரமே, தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துக்குப் போனாள். கேஷிகாவின் அப்பா அழகுமுத்து, கோயில் திருவிழாவில் தப்பு மேளம் அடிக்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "எம்புள்ளைக்கா காது கேக்காது? இந்தா பாருங்க" என்று தப்பை எடுத்துப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஓங்கி அடித்தார். கேஷிகா திரும்பி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "என்ன சொல்றீங்க டீச்சர்?"

"அது ஒடம்புல அதிருதுங்கண்ணே. ஒங்க போன குடுங்க." பூரணி சத்தத்தை முழுசாக வைத்து, பிள்ளையின் தலைக்குப் பின்னால் பிடித்து, தன் போனிலிருந்து அழைப்பு எடுத்தாள். லயத்துக் கோடியில் கிடந்த நாய்கூட எழுந்து நின்றது. கேஷிகா அப்பா கட்டியிருந்த சாரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அழகுமுத்துவின் முகம் செத்துப்போனது. "போனு பழசு" என்றார். பிறகு குரல் ஏறியது. "நீங்க கூட்டிட்டுப் போங்க, நாளைக்கே லயம் பூரா இவள ஊமைச்சின்னு கூப்புடும். அதுக்குத்தான் வழி பண்றீங்களா? ஒண்ணும் வேணாம்." சுதர்ஷினி அடுப்படியில் குனிந்தபடியே இருந்தாள். பூரணிக்கு அவள் மேல்தான் அதிகம் ஆத்திரம் வந்தது. பெற்றவள் வாயைத் திறந்தால் என்ன?

"வியாழக்கெழம ஆறரை பஸ்ஸுக்கு நிப்பேன்" என்று அவளைப் பார்த்தே சொல்லிவிட்டு வந்தாள்.

லீவு கேட்டபோது, காம்பராவுக்கு மேலதிகாரியான வெல்பெயார் ஐயா அந்த வளர்ச்சி அட்டையைப் புரட்டினார். "இதுல பிழை இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்தா விசாரணை வரும். வேலையும் போகலாம், தெரியுமா?"

"வரட்டுங்க ஐயா" என்று எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்தபிறகுதான் அதை யோசித்தாள். டீச்சர் என்ற பெயரைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது?

வியாழக்கிழமை பஸ் வந்து நின்றது. சுதர்ஷினியைக் காணவில்லை. பூரணி ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷண்ணே, ஒரே நிமிஷம்" என்று கண்டக்டரைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் விசிலை வாயில் வைத்தபோதுதான், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுதர்ஷினி லயத்துப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

அதோடு முடிந்ததா? நானுஓயாவுக்கு இரண்டு மைல் இருக்கும்போது பாதையில் பெரிய மரம் விழுந்து கிடந்தது. மழையில் பஸ் ஊர்ந்து வந்ததில் மணி ஒன்பதே கால் ஆகியிருந்தது. பூரணி யோசிக்கவேயில்லை. "எறங்கு." மரத்தைத் தாண்டி மழைத் தூறலில் மாறி மாறிப் பிள்ளையைத் தூக்கி நடந்து, நானுஓயாவில் ஒரு வேனைப் பிடித்து, நுவரெலியாவுக்குப் போய்ப் பெயர் பதிந்தபோது பதினொன்றுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

அலைச்சலில் கேஷிகா தூங்கிப்போனதும் நல்லதாயிற்று. காதில் சின்னக் குமிழை வைத்து, நெற்றியில் வயரை ஒட்டி, கம்ப்யூட்டரில் ஓடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் காது சோதிக்க வந்த அதிகாரி. சிங்களப் பெண், தமிழை நிதானமாகப் பேசினார். "ரெண்டு காதும் ரொம்பக் குறைவு அம்மா. காதுக்கு மெஷின் போட்டா, தினமும் பழக்கினா, பேச்சு வரும்." பிறகு அட்டையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "போன வருஷம் கேட்டிருக்கு என்று இதுல இருக்கே? இடையில போன காது என்றால் முதல்ல கொழும்புல ஸ்கேன் எடுக்கணும். மெஷின் இன்றைக்கு எழுத ஏலாது."

"அது என் பிழைங்க மிஸ். நான்தான் தப்பா போட்டேன்" என்றாள் பூரணி.

"சரி. ஆனா பிறந்ததுல இருந்தே கேக்கலயா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பூரணி சுதர்ஷினியைப் பார்த்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

"எனக்குத் தெரியும்" என்றாள் சுதர்ஷினி. "நாலு மாசக் கைப்புள்ளையில மழைக்குக் கூரைத் தகரம் இடிஞ்சு விழுந்திச்சு. இவ தூங்கிட்டே இருந்தா. அன்னைக்கே தெரியும். தரையில தட்டுனா ஓடிவரணும்னு பழக்குனது நான்தான். சாப்பாட்டுக்குத் தட்டைத் தரையில தட்டுங்கன்னு டீச்சருக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். டீச்சர் மேல பிழை இல்லீங்க."

பூரணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓவென்று அழவேண்டும் போலத்தான் இருந்தது.

"ஏன் மறைச்சீங்க?" என்றார் அதிகாரி.

"எந்தம்பி இப்பிடித்தான் மிஸ். ஸ்கூல்ல சேக்கல. மாடு பாக்குறான். ஒரு நாய்க்கு இருக்குற மதிப்புகூட அவனுக்கு இல்ல. எம்மகளையும் அப்பிடிப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

அதிகாரி மெஷினுக்கு எழுதினார். காது அளவு எடுத்தார். மூன்று வாரத்தில் வரச்சொன்னார். பிறகு இன்னொரு தாளை எடுத்தார். "தம்பியையும் கூட்டி வாங்க, பார்ப்போம். அவருடைய பெயர்?"

சுதர்ஷினி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பூரணி உதவப் பார்த்தாள். அதே லயத்துப் பையன், இவள் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தவன், தினமும் காம்பராவுக்குப் பால் கொண்டுவந்து வைக்கிறவன். அவளுக்கும் தெரியவில்லை.

"பிரதாப்" என்றாள் சுதர்ஷினி கடைசியில்.

பூரணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷமும் அவளும் அவனை 'ஊமையா' என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.